காது கேளாதோருக்கான அமைப்பை நடத்துவது யார்? ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் மக்கள் கேட்க வேண்டிய 7 கேள்விகள்

காது கேளாத குழந்தைகளுக்கு ஒரு பள்ளி, பெரியவர்களுக்கு ஒரு பயிற்சி மையம், உதவி செய்ய ஒரு அறக்கட்டளை. இப்படி ஏதாவது ஒன்று ஊர்ப் பக்கம் இருந்தால் நல்ல விஷயம்தான். ஆனால் அங்கே கிடைக்கும் சேவை தரமானதா, இல்லையா என்று எதை வைத்துச் சொல்வது? கட்டடத்தை வைத்தா? எத்தனை காது மெஷின் கொடுத்தார்கள் என்ற கணக்கை வைத்தா? ஆண்டு விழா போட்டோக்களை வைத்தா?

காது கேளாதோர் இயக்கங்கள் பல நாடுகளில் பல ஆண்டுகளாகக் கேட்டு வரும் கேள்வி வேறு. அமைப்பில் முடிவெடுக்கும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது யார்? அவருக்குச் சைகை மொழி தெரியுமா? அதைப் பொறுத்துத்தான் சேவையின் தரமும் இருக்கும் என்பது அவர்களின் வாதம். இது சரியா? விருதுநகர் மாவட்டத்தின் மேற்குப் பக்கம் இருக்கும் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் மக்களுக்கு இதில் என்ன இருக்கிறது? விரிவாகப் பார்க்கலாம்.

இப்போது ஏன் இந்தக் கேள்வி?

உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாகச் சேர்ப்பதற்கான சட்டத் திருத்தங்கள் 2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டப்பேரவையில் நிறைவேறின. தேர்தலில் நின்று ஜெயிக்காமலேயே, நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளி ஒருவர் உட்கார வழி கிடைத்தது. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் இரண்டுமே நகராட்சிகள் என்பதால் இங்கும் இது பொருந்தும். நியமன உறுப்பினர் விவாதத்தில் பங்கேற்கலாம், வாக்களிக்க முடியாது.

இங்கதான் ஒரு சிக்கல். 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகையான குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. நகராட்சிக்குக் கிடைக்கும் அந்த இடத்துக்கு எல்லா வகையினரும் போட்டியிடுவார்கள். ஒருவேளை காது கேளாதவர் ஒருவர் நியமிக்கப்பட்டால், கூட்டத்தில் பேசுவதை அவருக்குச் சைகையில் சொல்ல மொழிபெயர்ப்பாளர் வேண்டும். அது இல்லாவிட்டால் அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு வர வேண்டியதுதான். நாற்காலி கொடுத்தால் மட்டும் போதாது, மொழியும் கொடுக்க வேண்டும் என்பது இதிலிருந்தே புரியும். அமைப்புகளுக்கும் இதே கணக்குத்தான்.

எல்லோரும் ஒரே மாதிரி இல்லை

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் செவித்திறன் குறைபாடு உள்ளவர்கள் சுமார் 50 லட்சம் பேர். தமிழ்நாட்டில் சுமார் 2.2 லட்சம் பேர். சட்டப்படி, இரு காதுகளிலும் 70 டெசிபல் அளவுக்குக் கேட்கும் திறனை இழந்தவர் காது கேளாதவர். 60 முதல் 70 டெசிபல் வரை இழந்தவர் கேட்கும் திறன் குறைந்தவர்.

ஆனால் எண்ணை விட முக்கியம், யாருக்கு என்ன தேவை என்பது. பிறவியிலேயே கேட்காத குழந்தைக்கு முதல் தேவை ஒரு மொழி. ராஜபாளையம் பக்கத்து நூற்பாலையில், இயந்திர இரைச்சலுக்கு நடுவே பல வருஷம் வேலை பார்த்து, 50 வயதில் காது மந்தமான தொழிலாளிக்கு மொழி ஏற்கெனவே இருக்கிறது. அவருக்குத் தேவை சரியான காது மெஷின், பரிசோதனை, இழப்பீடு பற்றிய தகவல். இரைச்சலால் ஏற்படும் காது கேளாமை, சட்டத்தின் தொழில்சார் நோய்ப் பட்டியலிலேயே இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது.

இரண்டு பேருக்கும் ஒரே முகாம், ஒரே மெஷின் என்று ஓர் அமைப்பு நடத்தினால், அதன் தலைமைக்குக் களம் தெரியவில்லை என்று அர்த்தம்.

கொஞ்சம் பின்னாடி போகலாம்: பாளையங்கோட்டை, 1897

காது கேளாதோர் கல்வியில் தென் மாவட்டங்களுக்கு நீண்ட வரலாறு உண்டு. ராஜபாளையத்திலிருந்து சங்கரன்கோவில் வழியாகப் போனால் சுமார் 90 கி.மீ. தூரத்தில் இருக்கும் பாளையங்கோட்டையில், 1897-ல் ஃபுளோரன்ஸ் ஸ்வைன்சன் என்ற மிஷனரிப் பெண் காது கேளாதோர் பள்ளியைத் தொடங்கினார். மும்பை, கொல்கத்தாவுக்கு அடுத்து நாட்டின் மிகப் பழைய காது கேளாதோர் பள்ளிகளில் இதுவும் ஒன்று. இன்றும் அவர் பெயரிலேயே மேல்நிலைப் பள்ளியாக நடக்கிறது.

இந்தியாவில் இப்படித் தொடங்கிய பெரும்பாலான பள்ளிகளுக்கு ஒரு பொது அம்சம் உண்டு. தொடங்கியவர்கள், நடத்தியவர்கள், பாடம் எடுத்தவர்கள் என எல்லோரும் காது கேட்பவர்கள். நல்ல மனசோடு செய்தவர்கள்தான். ஆனால் காது கேளாதவர்கள் அங்கே மாணவர்களாக மட்டுமே இருந்தார்கள்.

இதனால் என்ன ஆனது என்று தெரிந்துகொள்ள அந்தக் காலத்து ஐரோப்பாவைப் பார்க்க வேண்டும். 1880-ல் இத்தாலியின் மிலான் நகரில் காது கேளாதோர் கல்விக்கான சர்வதேச மாநாடு நடந்தது. பள்ளிகளில் சைகை மொழி வேண்டாம், வாய்ப்பேச்சுப் பயிற்சி மட்டும் போதும் என்று அங்கே தீர்மானம் போட்டார்கள். 160-க்கும் மேற்பட்ட பிரதிநிதிகளில் காது கேளாதவர் ஒரே ஒருவர்தான். அந்தத் தீர்மானத்தின் தாக்கம் பல நாடுகளில் நூறு ஆண்டுகள் வரை நீடித்தது. வகுப்பறையில் கையை ஆட்டினாலே அடி விழுந்தது. 2010-ல் கனடாவின் வான்கூவரில் கூடிய அதே மாநாட்டு வரிசையின் கூட்டம்தான் அதற்கு வருத்தம் தெரிவித்தது.

ஒரு சமூகத்தின் மொழியைப் பற்றிய முடிவை அந்தச் சமூகத்தைக் கேட்காமல் எடுத்தால், திருத்திக்கொள்ள 130 வருஷம் ஆகும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் தேவையில்லை.

ஒரு வாரப் போராட்டம்: 1988-ல் நடந்தது என்ன?

அமெரிக்காவின் வாஷிங்டனில் இருக்கும் காலடெட் பல்கலைக்கழகம் காது கேளாதோருக்காகவே 1864-ல் தொடங்கப்பட்டது. 124 ஆண்டுகளில் ஒருமுறை கூட காது கேளாதவர் ஒருவர் அதன் தலைவராக இருந்ததில்லை. 1988 மார்ச்சில் புதிய தலைவருக்கான இறுதிப் பட்டியலில் 3 பேர். இரண்டு பேர் காது கேளாதவர்கள். ஆனால் நிர்வாகக் குழு தேர்ந்தெடுத்தது, காது கேட்கும், சைகை மொழி தெரியாத எலிசபெத் ஜின்சரை.

மாணவர்கள் வளாகத்தின் கதவுகளைப் பூட்டினார்கள். நான்கு கோரிக்கைகள் வைத்தார்கள்: காது கேளாதவர் தலைவராக வேண்டும், நிர்வாகக் குழுத் தலைவர் விலக வேண்டும், நிர்வாகக் குழுவில் 51 சதவீதம் காது கேளாதவர்கள் இருக்க வேண்டும், போராடியவர்கள் மீது நடவடிக்கை கூடாது. ஒரே வாரத்தில் நான்கும் ஏற்கப்பட்டன. ஐ. கிங் ஜோர்டன் பல்கலைக்கழகத்தின் முதல் காது கேளாத தலைவர் ஆனார்.

இதில் கவனிக்க வேண்டியது, மாணவர்கள் ஒரு பதவியோடு நிற்கவில்லை என்பது. நிர்வாகக் குழுவில் பெரும்பான்மை கேட்டார்கள். பேருக்கு ஒருத்தரை உட்கார வைத்தால் அது வெறும் கண்துடைப்பு என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இந்தியாவில் இப்படி நடந்ததா?

நடந்தது. இந்திய சைகை மொழிக்கென ஓர் ஆராய்ச்சி, பயிற்சி மையம் 2011-ல் இக்னோ பல்கலைக்கழகத்தின் கீழ் அறிவிக்கப்பட்டது. 2013-ல் அந்த ஏற்பாடு நின்றுபோனது. 2015 ஏப்ரலில், மறுவாழ்வுப் பணிகளைச் செய்யும் அலி யாவர் ஜங் தேசிய நிறுவனத்தின் டெல்லி மண்டல மையத்தோடு இதை இணைக்க மத்திய அரசு முடிவெடுத்தது.

காது கேளாதோர் அமைப்புகள் எதிர்த்தன. செவித்திறன் குறைபாட்டைச் சரிசெய்யப் பயிற்சி தரும் நிறுவனத்தின் கீழ் ஒரு மொழிக்கான மையத்தை வைத்தால், மொழி பின்னுக்குப் போய்விடும் என்பதுதான் வாதம். தனி அமைப்பு வேண்டும் என்று போராடினார்கள். 2015 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை தனிச் சங்கமாக அமைக்க ஒப்புதல் கொடுத்தது.

பலன் என்ன? 2018-ல் 3,000 சொற்களோடு வந்த இந்திய சைகை மொழி அகராதி, 2021-ல் 10,000 சொற்களானது. அந்த மையம் உருவாக்கிய படிப்புகளில் ஒன்று சைகை மொழியைக் கற்பிப்பதற்கான டிப்ளமோ. அது காது கேளாதவர்களுக்கானது. அதாவது, மாணவர்களாக மட்டுமே இருந்தவர்கள் ஆசிரியர்களாக வர ஒரு கதவு திறந்தது.

தலைமைக்கும் தரத்துக்கும் என்ன சம்பந்தம்?

சரி, தலைவர் யாராக இருந்தால் என்ன, வேலை நடந்தால் போதாதா? நியாயமான கேள்விதான். தினசரி நடைமுறையில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

முதலாவது, மொழி. குழந்தை மொழியைப் பிடித்துக்கொள்ளும் காலம் முதல் சில வருஷங்கள்தான். அதனால்தான் பிறந்து 1 மாதத்துக்குள் காது பரிசோதனை, 3 மாதத்துக்குள் உறுதி செய்தல், 6 மாதத்துக்குள் பயிற்சி தொடக்கம் என்று உலகம் முழுக்க ஒரு அளவுகோல் வைத்திருக்கிறார்கள். காது கேளாத குழந்தைகளில் மிகப் பெரும்பான்மையினருக்குப் பெற்றோர் காது கேட்பவர்கள். அந்தப் பெற்றோருக்கு இது முற்றிலும் புது உலகம். காது கேளாமலேயே படித்து, வேலைக்குப் போய், குடும்பம் நடத்தும் ஒருவரை மையத்தின் வாசலிலேயே சந்தித்தால், குழந்தையின் எதிர்காலம் பற்றிய பயம் பாதி குறையும். அப்படி ஒருவர் ஊழியராகவோ நிர்வாகியாகவோ இல்லாத மையத்தில் இது நடக்காது.

இரண்டாவது, கருவி. காது மெஷின் கொடுப்பது ஒருநாள் நிகழ்ச்சி. அதைப் பயன்படுத்துவது தினசரி வேலை. குழந்தை வளர வளர காதுக்குள் வைக்கும் அச்சை மாற்ற வேண்டும். பேட்டரி தீர்ந்தால் வாங்க வேண்டும். சரியாகப் பொருந்தாத மெஷின் வீல் என்று கத்தும், குழந்தை கழற்றி எறிந்துவிடும். கொடுத்த மெஷின் எத்தனை என்று எண்ணும் நிர்வாகம் ஒரு வகை. 6 மாதம் கழித்து எத்தனை மெஷின் காதில் இருக்கிறது என்று எண்ணும் நிர்வாகம் இன்னொரு வகை. மெஷின் போட்டுப் பழகிய ஒருவர் நிர்வாகத்தில் இருந்தால் இரண்டாவது கணக்குதான் முதலில் கேட்கப்படும்.

காக்ளியர் இம்ப்ளான்ட் அறுவை சிகிச்சைக்கும் இது பொருந்தும். 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இந்த சிகிச்சை கிடைக்கிறது. ஆனால் ஆபரேஷனோடு வேலை முடிவதில்லை. பின்பு மாதக்கணக்கில் பேச்சு, கேட்புப் பயிற்சி தேவை. பயிற்சிக்கு அலைய பஸ் காசும், ஒருநாள் கூலி இழப்பும் ஆகும் என்பதைக் கணக்கில் எடுக்கும் அமைப்புதான் குழந்தையைத் தக்கவைக்கும்.

மூன்றாவது, பாதுகாப்பு. விடுதியில் இருக்கும் காது கேளாத குழந்தைக்கு ஏதாவது கொடுமை நடந்தால் யாரிடம் சொல்லும்? வார்டனுக்குச் சைகை மொழி தெரியாவிட்டால், அந்தக் குழந்தைக்கு வாய் இருந்தும் இல்லாத நிலைதான்.

ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றத்தில் ஒரு காது கேளாத சாட்சி

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. விருதுநகர் மாவட்ட முதன்மை நீதிமன்றம் இருப்பது இங்கேதான். அதனால் மாவட்டத்தின் எந்த மூலையில் நடந்த வழக்காக இருந்தாலும் காது கேளாத சாட்சியோ, பாதிக்கப்பட்டவரோ இந்த ஊர் நீதிமன்றப் படியேற வாய்ப்பு அதிகம்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய சட்டத்தின் 125-வது பிரிவு, பேச முடியாத சாட்சி எழுத்திலோ சைகையிலோ சாட்சி சொல்லலாம் என்கிறது. வாயால் சொல்ல முடியாதவரின் வாக்குமூலத்தைப் பதிவு செய்யும்போது மொழிபெயர்ப்பாளர் அல்லது சிறப்பு ஆசிரியரின் உதவியை நீதிமன்றம் பெற வேண்டும், அதை வீடியோவாகவும் பதிவு செய்ய வேண்டும். 2023 செப்டம்பரில் காது கேளாத வழக்கறிஞர் சாரா சன்னி, மொழிபெயர்ப்பாளர் உதவியோடு உச்ச நீதிமன்றத்திலேயே வழக்கில் ஆஜரானார்.

ஆனால் பள்ளிக்கே போகாத ஒருவருக்கு இந்திய சைகை மொழி தெரியாது. வீட்டில் அம்மாவோடும் தெருவில் நண்பர்களோடும் பழகிய வீட்டுச் சைகைதான் தெரியும். வெளியூரிலிருந்து வரும் மொழிபெயர்ப்பாளருக்கு அது புரியாமல் போகலாம். அந்த இடத்தில் உள்ளூர்க் காது கேளாதவர் ஒருவர் நடுவில் இருந்து இரண்டு பேருக்கும் புரியவைக்க முடியும். உள்ளூர் அமைப்புகள் இப்படிப்பட்டவர்களை வளர்த்து வைத்திருக்கிறதா என்பதைப் பொறுத்து ஒரு வழக்கின் முடிவே மாறலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 50-வது பிரிவுப்படி, மாற்றுத்திறனாளிகளுக்கான நிறுவனத்தை அரசின் பதிவுச் சான்றிதழ் இல்லாமல் யாரும் நடத்தக் கூடாது. 17-வது பிரிவு, சைகை மொழியில் தகுதி பெற்ற ஆசிரியர்களை நியமிக்கச் சொல்கிறது. மாற்றுத்திறனாளி ஆசிரியர்களையும் சேர்த்தே சொல்கிறது. அரசு வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கான 4 சதவீத இடத்தில் 1 சதவீதம் காது கேளாதோருக்கும் கேட்கும் திறன் குறைந்தோருக்கும் உரியது.

2007-ல் இந்தியா ஏற்ற ஐ.நா. உடன்படிக்கை, மாற்றுத்திறனாளிகள் தொடர்பான முடிவுகளில் அவர்களின் அமைப்புகளைக் கலந்து பேசச் சொல்கிறது. அந்த உடன்படிக்கைக்கான ஐ.நா. குழு 2018-ல் இரண்டு சொற்களைப் பிரித்துக் காட்டியது. மாற்றுத்திறனாளிகளுக்கான அமைப்பு வேறு, மாற்றுத்திறனாளிகளின் அமைப்பு வேறு. பின்னதில் தலைமையும் பெரும்பான்மையும் அவர்களிடமே இருக்க வேண்டும்.

அப்போ, காது கேட்பவர்கள் நடத்தினால் தப்பா?

இல்லை. பெற்றோர், ஆசிரியர், மருத்துவர் இல்லாமல் இந்தச் சேவை நடக்காது. 1969-ல் சென்னையில் தொடங்கிய பால வித்யாலயா, சின்னக் குழந்தைகளோடு தாய்மார்களையும் வகுப்பில் உட்கார வைத்துப் பயிற்சி தரும் முறையால் பெயர் பெற்றது. அங்கே முக்கியத்துவம் பேச்சுக்கு. பேச்சா, சைகையா, இரண்டுமா என்பதில் நிபுணர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு.

காது கேளாதவர் தலைவரானால் எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்பதும் இல்லை. கணக்கு வழக்கு, ஆள் நிர்வாகம், அரசு அலுவலகத்தோடு கடிதப் போக்குவரத்து எல்லாவற்றுக்கும் பயிற்சி வேண்டும். அந்தப் பயிற்சியைக் கொடுக்காமல் பதவியை மட்டும் கொடுத்துவிட்டு, பிறகு இவர்களால் முடியவில்லை என்று சொல்வதும் நடக்கக்கூடியதே.

ஆக, ஓர் அமைப்பை நடத்துபவருக்குக் காது கேட்குமா என்பதோடு கேள்வி முடிவதில்லை. காது கேளாதவர்கள் சொல்வது அந்த அமைப்பின் முடிவுகளை மாற்றுகிறதா என்பதுதான் உண்மையான சோதனை.

கேட்க வேண்டிய 7 கேள்விகள்

குழந்தையைச் சேர்க்கும் முன்போ, நன்கொடை கொடுக்கும் முன்போ இவற்றைக் கேட்கலாம்.

1. பதிவுச் சான்றிதழ் எங்கே? அது பார்வையில் படும் இடத்தில் இருக்க வேண்டும். காலாவதி ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

2. சிறப்பு ஆசிரியர்களுக்கு இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் பதிவு எண் இருக்கிறதா?

3. எத்தனை ஊழியர்களுக்குச் சைகை மொழி தெரியும்? ஆசிரியர் மட்டுமில்லை, அலுவலக எழுத்தர், வார்டன், வாட்ச்மேன் வரை கேளுங்கள்.

4. நிர்வாகக் குழுவில் எத்தனை காது கேளாதவர்கள்? அவர்களுக்குக் கூட்டத்தில் மொழிபெயர்ப்பாளர் உண்டா?

5. கொடுத்த காது மெஷினைப் பிறகு யார் கவனிக்கிறார்கள்? அச்சு மாற்ற, பழுது பார்க்க எங்கே போக வேண்டும்?

6. குறை சொல்ல என்ன வழி? வெறும் போன் நம்பர் மட்டும் இருந்தால் அது காது கேளாதவருக்கு உதவாது. வாட்ஸ்அப் வீடியோ அழைப்பில் சைகையில் பேச ஆள் இருக்கிறாரா?

7. இங்கே படித்து முடித்தவர்கள் இப்போது எங்கே? கல்லூரியிலா, வேலையிலா, வீட்டிலா? இந்தக் கணக்கை வைத்திருக்காத அமைப்பு தன் தரத்தை அளக்கவில்லை என்று பொருள்.

பதில் திருப்தியாக இல்லாவிட்டால்?

விருதுநகர் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடம் எழுத்தில் புகார் கொடுக்கலாம். திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடமும் மனு கொடுக்கலாம். மாநில அளவில் மாற்றுத்திறனாளிகளுக்கான ஆணையர் இருக்கிறார். சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை, அடுத்தடுத்த முறை 50,000 முதல் 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க 89-வது பிரிவில் வழி இருக்கிறது.

ஆனால் ராஜபாளையத்திலிருந்து ஆட்சியர் அலுவலகத்துக்கு 50 கி.மீ.க்கு மேல் பயணம். காது கேளாத ஒருவர் அவ்வளவு தூரம் போய், அங்கே சைகை தெரிந்தவர் யாரும் இல்லாமல், மனுவை மட்டும் நீட்டிவிட்டுத் திரும்பினால் அந்தப் பயணத்துக்குப் பெரிய அர்த்தம் இருக்காது. குறைதீர் கூட்டத்திலும், இரண்டு நகராட்சி மன்றங்களிலும், ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றத்திலும் தேவைப்படும்போது வரக்கூடிய சைகை மொழிபெயர்ப்பாளர்களின் பட்டியல் ஒன்றை மாவட்ட நிர்வாகம் தயாரித்து, எல்லா அலுவலகத்திலும் ஒட்டினால் அது நல்ல தொடக்கமாக இருக்கும். இதற்குப் பெரிய கட்டடமோ புதிய சட்டமோ தேவையில்லை.

அந்தப் பட்டியலில் யார் யார் இருக்க வேண்டும் என்று முடிவு செய்யும் கூட்டத்துக்கு முதலில் அழைக்கப்பட வேண்டியவர்கள், இந்த இரண்டு ஊர்களிலும் இருக்கும் காது கேளாதவர்கள்தான்.